புதுமண்டபத்துத் தையல்

மதுரை கே.கே. நகர்க்காரர்களுக்குத் துணி எடுக்க இன்று வைகையைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் போனால் மாடி மாடியாக ஜவுளிக்கடை. அதற்கும் சோம்பல் என்றால் கைப்பேசி. முன்பெல்லாம் தீபாவளி வந்தால் கோரிப்பாளையம் வழியாக ஏ.வி. பாலம் ஏறி, விளக்குத்தூணில் துணி எடுத்து, தைக்கப் புதுமண்டபத்துக்கு நடப்பார்கள்.

அது மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. நாங்கள் பார்த்த காலத்தில் சிற்பமே தெரியாது. தூணுக்குத் தூண் தையல் மெஷின், வளையல், பித்தளைப் பாத்திரம், தேருக்குத் தொங்கவிடும் தொம்பை. நாயக்க மன்னர்கள் சிலையாகக் கைகூப்பி நிற்க, முன்னால் ஜரிகை உருளைகள் அடுக்கியிருக்கும். சித்திரை நெருங்கினால் கள்ளழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கான உடைதான் அங்கே பெரிய வேலை: சிவப்புத் துணியில் சல்லடம், தலைக்கு உருமால், ஓரமெல்லாம் ஜரிகை. பையனை நிறுத்தி இடுப்பில் ஒரு சுற்று நாடா வைப்பார் தையல்காரர். "லூசா வைங்கண்ணே" என்றால், "வளர்ற பயதானக்கா, உள்ள மடிச்சுத் தர்றேன், அடுத்த வருசம் பிரிச்சு விட்டுக்கங்க" என்பார். எந்த ஆன்லைன் கடையும் இப்படி மடித்துத் தருவதில்லை.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதன்பின் கோயில் மண்டபங்களில் கடைகள் இருக்கலாமா என்ற கேள்வி வலுத்தது. புதுமண்டபத்துக் கடைகள் பக்கத்தில் புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயின. கல்லுக்கு மூச்சு கிடைத்தது, மாற்றியது சரிதான். ஆனால் கோயிலுக்கு வந்தவர்கள் போகிற போக்கில் நுழைந்த கடையை இப்போது விசாரித்துத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வியாபாரத்துக்கு அது சின்ன இழப்பல்ல.

சுங்குடிக்கு வேறு கதை. சௌராஷ்டிரர் வீடுகளில் பெண்கள் நூலால் முடிச்சுப் போட, சாயத்தில் முக்கி எடுத்த சேலை அது. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தும் கைமுடிச்சு அருகிவிட்டது. இன்று கடையில் தொங்குபவற்றில் அச்சடித்ததே அதிகம். வாங்கும்போது புள்ளிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் அது முடிச்சுச் சேலை அல்ல. கைமுடிச்சில் ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும், முடிச்சவிழ்த்த இடம் லேசாகப் புடைத்தும் இருக்கும்.

அழகர் உடை தைக்கக் கொடுப்பவர்கள் பங்குனியிலேயே சத்திரத்துக்குப் போய்விடுங்கள். கடைசி வாரத்தில் போனால் ரெடிமேட்தான் கிடைக்கும்.