இறக்கத்தில் வலிக்கும் முட்டி: மலைக்கிராம மக்களுக்கு இயன்முறை மருத்துவம் என்ன செய்யும்?

பழனி மலைத்தொடரில் வயதானவர்களிடம் முட்டி வலியைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: "ஏறும்போது மூச்சுதான் வாங்குது. இறங்கும்போதுதான் முட்டி உசுரு போகுது." அடுத்த வரியும் கூடவே வரும்: "வயசானா வரத்தானே செய்யும், அதுக்கு என்ன பண்றது?"

முதல் வரி சரியான கவனிப்பு. இரண்டாவது வரியைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. பண்ணுவதற்கு நிறைய இருக்கிறது. அதில் முக்கியமான ஒன்று தொடைத் தசையைப் பலப்படுத்துவது. அதற்கான சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடியும் வருகிறது.

மலையில் முட்டி வலி என்பது உடம்பு வலியோடு நிற்பதில்லை. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் படிப்படியான வயல்களில் மலைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு; தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் சரிவுகளில் காபி, வாழை. எந்த வேலைக்கும் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி எல்லாமே ஒரு மேட்டுக்கு அப்பால்தான். பழனி முருகன் கோயிலில் 693 படி ஏற முடியாதவர்களுக்கு விஞ்சும் ரோப்காரும் இருக்கின்றன. மலைக்கிராமத்து வீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. கால் நின்றுபோனால் வருமானம் நிற்கும், வெளியே போவது நிற்கும், கடைசியில் சிகிச்சைக்குப் போவதும் நின்றுவிடும்.

இறக்கத்தில் ஏன் அதிகம் வலிக்கிறது?

வத்தலக்குண்டு மலைப்பாதையில் இறங்கும் பஸ்ஸைக் கவனித்திருப்பீர்கள். டிரைவர் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, வண்டியின் வேகத்தைத் தாங்கிக்கொண்டே வருவார். நம் உடம்பில் அந்த பிரேக் வேலையைச் செய்வது தொடையின் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய தசை. நான்கு பகுதிகள் கொண்ட இந்தத் தசை முட்டிச் சில்லு வழியாகக் கால் எலும்போடு சேர்கிறது. இறங்கும் ஒவ்வோர் அடியிலும் அது நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. தசை பலமாக இருந்தால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். பலம் குறைந்தால் அந்தப் பாரம் மூட்டில் இறங்கும்.

எவ்வளவு பாரம்? ஜெர்மனியின் பெர்லின் நகர ஆய்வாளர்கள், அளவெடுக்கும் கருவி பொருத்திய செயற்கை மூட்டு வைத்துக்கொண்ட 5 பேரிடம் இதை நேரடியாகவே அளந்தார்கள். 2010இல் வெளியான அந்த முடிவின்படி, சமதளத்தில் நடக்கும்போது முட்டியில் விழும் விசை உடல் எடையைப் போல சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது சுமார் 3.2 மடங்கு. படி இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. அதாவது 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு படி இறங்கினால், முட்டியில் 200 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழுகிறது. முதுகில் ஒரு பூண்டு மூட்டையும் இருந்தால் கணக்கு இன்னும் ஏறும்.

தேய்மானம் மட்டும்தான் காரணமா?

"எக்ஸ்ரேயில் தேய்மானம்னு சொல்லிட்டாங்க, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெலிவது உண்மைதான். தேய்ந்த குருத்தெலும்பைப் பயிற்சி திரும்ப வளர்த்துவிடாது, அதுவும் உண்மை. ஆனால் வலியும் முடக்கமும் எக்ஸ்ரே படத்தோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. படத்தில் தேய்மானம் நிறைய இருந்தும் வேலை பார்ப்பவர்கள் உண்டு. கொஞ்சமே தேய்ந்திருந்தும் நடக்கத் தடுமாறுபவர்கள் உண்டு.

இந்த வித்தியாசத்தில் தசைக்குப் பங்கு இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 65 வயது கடந்த 462 பேரைச் சோதித்து 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. முட்டித் தேய்மானம் இருந்தும் வலியே இல்லாதவர்களிடம்கூட முன்தொடைத் தசையின் பலம் குறைந்திருந்தது. "வலியால் நடக்கவில்லை, அதனால் தசை மெலிந்தது" என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தார்கள். தசை பலவீனம் முதலிலேயே வந்து, பாதிப்புக்கு வழி செய்யலாம் என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பட்டது.

இது ஒரு சுழற்சி. வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிறோம். உட்கார்ந்தால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டில் பாரம் கூடி இன்னும் வலிக்கிறது. மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் வீட்டுக்குள்ளேயே முடங்குவதால் இந்தச் சுழற்சி வேகமாகிறது. குளிரில் மூட்டு இறுக்கமாகத் தோன்றும்; ஆனால் குளிரால் குருத்தெலும்பு தேய்வதில்லை. "அப்பத்தா, வலிக்குதுன்னு படுத்தே கிடக்காதீங்க" என்று இயன்முறை மருத்துவர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பல நாடுகளில் நடந்த 54 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2015இல் வெளியானது. உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாக 12 புள்ளி குறைந்தது. அன்றாட வேலை செய்யும் திறன் 10 புள்ளி கூடியது. பயிற்சிக் காலம் முடிந்த பிறகும் சில மாதங்கள் பலன் நீடித்தது, ஆனால் மெல்லக் குறைந்தது. 2024இல் 139 சோதனைகளுடன் அதைப் புதுப்பித்தபோது, பலன் இருப்பதும் அது மிதமானது என்பதும் தெரிந்தது. ஆகவே பயிற்சியை மந்திரம்போல நினைக்க வேண்டாம். தொடர்ந்து செய்தால் உதவும், விட்டுவிட்டால் பலனும் போய்விடும்.

ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகுமே என்று கேட்பவர்களுக்கு இன்னோர் ஆய்வு. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்து 2020இல் வெளியானது அது. முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட, இயன்முறை சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஓர் ஆண்டு கழித்து வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன.

ரொம்பக் கடினமாகச் செய்ய வேண்டுமா? தேவையில்லை. 377 பேரிடம் 18 மாதம் நடந்து 2021இல் வெளியான சோதனையில், அதிக எடை தூக்கிப் பயிற்சி செய்தவர்களுக்கு, குறைந்த எடையில் செய்தவர்களைவிடக் கூடுதலாக வலி குறையவில்லை. ஜிம் வேண்டாம், ஒரு நாற்காலியும் வீட்டுப் படியும் போதும்.

உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1 கிலோ எடை குறைத்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

உங்கள் கால் பலம் எவ்வளவு?

இயன்முறை மருத்துவர்கள் உலகெங்கும் செய்யும் ஒரு சோதனையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். சுவரோரம் நகராமல் வைத்த, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று வீட்டில் யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். அமெரிக்க அளவுகோலின்படி 65 முதல் 69 வயதுள்ள ஆண்கள் 12க்குக் குறைவாகவும், பெண்கள் 11க்குக் குறைவாகவும் எழுந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே என்று பொருள். கீழே விழும் ஆபத்தும் கூடுதல். எண்ணிக்கையைக் காலண்டரில் எழுதி வைத்து, ஆறு வாரம் பயிற்சி செய்த பிறகு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் செய்ய ஐந்து பயிற்சிகள்

1. கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். முட்டியால் துண்டை அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 முறை.
2. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கொள்ளுங்கள். மற்ற காலை நேராக ஒரு முழ உயரம் தூக்கி, 5 விநாடி நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். காலுக்கு 10 முறை.
3. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். உட்காரும்போது அவசரப்படக் கூடாது. அதுதான் இறக்கத்துக்கான பயிற்சி. 10 முறை.
4. சுவரைப் பிடித்து நின்று, குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். 10 முறை.
5. வீட்டு வாசலில் தாழ்வான ஒரு படியில் ஏறி இறங்குங்கள். பிடிமானம் பக்கத்தில் இருக்கட்டும். காலுக்கு 10 முறை.

வாரத்தில் 3 நாளாவது செய்யுங்கள். செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். 10க்கு 5க்கு மேல் வலிக்கக் கூடாது. கூடிய வலி மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். இதய நோய் உள்ளவர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகு தொடங்குங்கள்.

வேலையில் சின்னச் சின்ன மாற்றங்கள்

சீனாவின் பீஜிங் நகரில் 60 வயது கடந்தவர்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், இளம் வயதில் தினமும் நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்தவர்களிடம் முட்டித் தேய்மானம் கூடுதலாகக் காணப்பட்டது. களை எடுக்கும்போதும் பூண்டு பிரிக்கும்போதும் தாழ்வான மணை அல்லது முக்காலி போட்டுக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு அடி நடக்கலாம். ஒரே பெரிய சுமையை இரண்டாகப் பிரித்து எடுத்துப் போகலாம்.

கைத்தடி பிடிப்பதில் பலர் வெட்கப்படுகிறார்கள். மலைச்சரிவில் அது நல்ல துணை. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் காலும் தடியும் முதலில்.

அரசு சேவையைப் பெறுவது எப்படி?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பதோடு, வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் இதில் அடங்கும். வட்டார அளவில் இயன்முறை மருத்துவரும் செவிலியரும் வாகனத்தில் கிராமங்களுக்கு வருகிறார்கள். வெளியே வர முடியாத முதியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இதில் முன்னுரிமை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், ஊரின் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். நடக்க முடிந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, இயன்முறை சிகிச்சைக்கு எங்கே போகலாம் என்று கேட்டுக்கொள்ளலாம். கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கோ திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரை வாங்கிச் செல்லலாம். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவை தேவை என்று மருத்துவர் சொன்னால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்ய முடியுமா என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

இயன்முறை மருத்துவர் வரும்போது, எப்போது வலிக்கிறது, எந்த வேலை செய்ய முடியவில்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். "முட்டி வலிக்குது" என்பதைவிட, "மேல் வயலுக்குப் போய்ட்டு இறங்க முடியலைங்க" என்று சொன்னால் அவருக்கு நன்றாகப் புரியும். வீட்டில் இருப்பவர் ஒருவர் கூடவே இருந்து பயிற்சியைப் பார்த்துக்கொண்டால், அவர் போன பிறகும் அது தொடரும்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

முட்டி திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ, விழுந்து அடிபட்டுக் கால் ஊன்ற முடியாவிட்டாலோ, முட்டி மடங்காமல் நீளாமல் பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டாம். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மலையின் சரிவை யாராலும் மாற்ற முடியாது. அதில் இறங்கும் காலின் பலத்தை 60 வயதிலும் 70 வயதிலும் கூட்ட முடியும். இன்றைக்கு நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள். உங்கள் தெருவில் வெளியே வராமல் முடங்கிக் கிடப்பவர் யாராவது இருந்தால், அவர் பெயரைச் சுகாதாரத் தன்னார்வலரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.