மாவுப் பானைக்கு ஒரு கம்பளிச் சட்டை



தென்னாட்டிலிருந்து டில்லிக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பத்துக்கு முதற் குளிர்காலம் ஒரு சோதனை. போர்வையும் கம்பளியும் கடையில் கிடைக்கும், அது பெரிதன்று. இட்லி மாவு பொங்காமற் போவதுதான் பெரிது. இரவு அரைத்து வைத்த மாவு மறுநாட் காலையில் அரைத்த நிலையிலேயே அசையாமல் இருக்கும். மாவு புளித்துப் பொங்க ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். டில்லியில் ஜனவரி மாதத்து இரவுகளிலோ வெப்பம் 7, 8 பாகைக்கு இறங்கிவிடும்; சில நாட்களில் 5-க்கும் கீழே போவதுண்டு. மாவின் மீது குறை இல்லை.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில், அரசுக் குடியிருப்பு ஒன்றின் முதல் மாடியில், நாங்கள் இருவரும் அத்தகைய மாவைப் பார்த்தவண்ணம் நின்றோம். உறவினர் எவரும் அந்நகரில் இல்லை. எங்களுள் ஒருவருக்கு மொழிபெயர்ப்பே தொழில். கோப்புகளில் எழுதும் இந்தி கைவந்திருந்தது. ஆனால் படிக்கட்டில் எதிர்ப்படுபவரிடம் பேசும் இந்தி வேறு என்பதை அதற்குள் அறிந்துகொண்டோம். அலுவலக நடையில் நாங்கள் ஏதேனும் கேட்டால் காய்கறிக்காரர் கூடக் கைகட்டி நின்றார்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு சிறு புல்வெளி இருந்தது. காலைச் சமையல் முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்மணிகள் ஆளுக்கொரு மூடாவைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து வெயிலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்துவிடுவர். (அச்சொல்லைக் கேட்டு யாரும் கோபம் கொள்ள வேண்டுவதில்லை, பிரம்பினால் செய்த முதுகில்லாத ஆசனத்துக்கு வடக்கே அதுதான் பெயர்.) ஒவ்வொருவர் மடியிலும் கம்பளி நூல், கையில் இரண்டு ஊசிகள். பேச்சு ஒரு பக்கம், பின்னல் ஒரு பக்கம். ஒரு காலத்தில் டில்லி அலுவலகங்களின் புல்வெளிகளிலும் நண்பகல் இடைவேளையில் இக்காட்சி மிகச் சாதாரணம். அதைக் குறித்துக் கேலிப் பேச்சும் மிகுதி. ஆனால் 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது பனிமலைகளில் நின்ற ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் கம்பளி உடை பின்னி அனுப்பினார்கள் என்பதைக் கேலி செய்தவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்.

எதிர்வீட்டு அம்மையார் அக்கூட்டத்தில் மூத்தவர். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பத்தில், டில்லியில் பிறந்தவர். நாங்கள் அவரை ஆன்ட்டிஜி என்றே அழைத்தோம். ஒரு நாள் எங்களைப் படிக்கட்டில் நிறுத்தி, "கொஞ்சம் கையை நீட்டு, பேட்டா" என்றார். நீட்டிய கைகளில் ஒரு கம்பளிச் சிட்டத்தை மாட்டிவிட்டு, நூலை இழுத்து உருண்டையாகச் சுற்றத் தொடங்கினார்.

சிட்டம் என்பது வளையமாகச் சுற்றிய நூல். வடக்கே லச்சி என்பர். அதை அப்படியே வைத்துக்கொண்டு பின்னினால் சிக்கு விழும். முதலில் உருண்டையாக்க வேண்டும். அதற்கு ஒருவர் சிட்டத்தை இரு கைகளிலும் விரித்துப் பிடிக்க, மற்றவர் சுற்ற வேண்டும். நாற்காலியின் முதுகிலும் மாட்டலாந்தான். ஆனால் நூல் போகும் பக்கமெல்லாம் நாற்காலி சாய்ந்து கொடுக்காது. ஆகவே ஒரு துணை தேவை. அத்துணைவர் கால் மணி நேரம் எங்கும் போக முடியாது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கத்தான் வேண்டும். எங்கள் பேச்சு இந்தி பிறந்தது அந்தச் சிட்டங்களுக்கு நடுவில்தான்.

பின்னலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தமிழில் கூந்தலும் பின்னல், பாயும் பின்னல், இதுவும் பின்னல். மூன்றும் ஒன்றல்ல. கூந்தலிலும் பாயிலும் பல இழைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. கம்பளிப் பின்னலில் பெரும்பாலும் ஒரே நூல். அது ஒரு கண்ணிக்குள் மறு கண்ணியாகத் தன்னைத்தானே கோத்துக்கொண்டு போகிறது. கண்ணி இரு வகை: ஸீதா, உல்டா. நேர்க்கண்ணி, மறிகண்ணி என்று நாம் சொல்லலாம். உண்மையில் இரண்டும் ஒன்றே. ஒன்றை மறுபுறத்திலிருந்து பார்த்தால் மற்றது. இடுப்பிலும் மணிக்கட்டிலும் நேர் ஒன்று, மறி ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் அப்பகுதி இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும். கரையை 12-ஆம் எண் ஊசியிலும் உடலை 9-ஆம் எண் ஊசியிலும் போடுவது வழக்கம். எண் கூடினால் ஊசி மெலியும் என்பது முதலில் எவரையும் குழப்பும். கண்ணிகளுக்கு இடையிலும் கம்பளி இழையின் சுருளிலும் காற்று சிறைப்படுகிறது. நம்மைக் குளிரிலிருந்து காப்பது பெரும்பாலும் அந்தக் காற்றுத்தான். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் கம்பளி நனைந்ததாகத் தோன்றாது என்பது அதன் மற்றொரு சிறப்பு.

மாவின் கதைக்கு வருவோம். நாங்கள் படும் பாட்டைக் கேட்ட ஆன்ட்டிஜி, தம் மகனுக்குச் சிறிதாகிவிட்ட ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து, எங்கள் மாவுப் பானையின் சுற்றளவை நூலால் அளந்துகொண்டு போனார். நான்காம் நாள் பானைக்கு ஒரு சட்டை வந்தது: பழுப்பு நிறம், கழுத்தில் இழுத்துக் கட்ட ஒரு கயிறு. அன்றிரவே மாவு பொங்கியது என்று சொல்ல ஆசைதான். பொங்கவில்லை. கம்பளிக்குத் தானாக வெப்பம் கிடையாது. உள்ளே இருப்பதைக் காக்குமேயன்றி இல்லாததை உண்டாக்காது. அதன் பிறகு வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, பானையை உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்து, சூடு ஆறுமுன் சட்டையை மாட்டி, மூடிய அலமாரியில் வைத்தோம். மறுநாள் நண்பகலில் மாவு விளிம்பைத் தொட்டிருந்தது. குளிர் மிகுந்த ஊர்களில் வாழும் நம்மவர் இம்முறையைக் கைக்கொள்ளலாம். பின்னிய சட்டை இல்லையேல் பழைய ஸ்வெட்டரே போதும்.

அந்த இட்லியில் பத்தை ஒரு தூக்கில் வைத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினோம். தூக்குத் திரும்பி வந்தபோது அதில் காலிபிளவர், டர்னிப், கேரட் மூன்றும் வெல்லமும் கடுகும் சேர்ந்து ஊறிய இனிப்புப் புளிப்பு ஊறுகாய் இருந்தது. அதற்கு முன்பே அவர் வீட்டுக் கிண்ணம் ஒன்றை நாங்கள் நன்றாகக் கழுவித் துடைத்து, வெறுமையாகத் திருப்பிக் கொடுத்திருந்தோம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்பது நம் பாட்டிமார் கடைப்பிடித்த வழக்கம். அது நம்மவர்க்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்த அறியாமைக்காக இன்றும் வெட்கப்படுகிறோம். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் மட்டும் பேச்சுக் குறைந்திருந்தது.

பிறகொரு நாள், "காஞ்சி குடிக்கிறீர்களா?" என்று கேட்டார். நாங்கள் சோற்றுக் கஞ்சியை நினைத்துத் தலையாட்டினோம். வந்ததோ கருஞ்சிவப்பான, மூக்கில் ஏறும் புளிப்பு நீர். குளிர்காலத்தில் மட்டும் வரும் கருநிறக் கேரட்டை நீளவாக்கில் நறுக்கி, அரைத்த கடுகு, உப்பு, மிளகாய்த் தூள் சேர்த்து, நீர் நிறைத்த ஜாடியில் நான்கைந்து நாள் வெயிலில் வைத்து எடுப்பது அது. நம் மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்தவையே அதையும் புளிக்க வைக்கின்றன. முதல் மிடறு பிடிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு நாங்களே ஜாடி வைத்தோம்.

ஜனவரி 13-ஆம் நாள் எங்களுக்குப் போகி, அவர்களுக்கு லோஹ்ரி. விடியலில் நாம் மூட்டுவதும் நெருப்பு, மாலையில் அவர்கள் மூட்டுவதும் நெருப்பு. அன்றிரவு எள்ளுருண்டையை ஒத்த ரேவடியும் வேர்க்கடலையும் எங்கள் வீட்டுக்கு வரும். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போகும். ஒன்பது பொங்கல் இவ்வாறு கழிந்தன.

அரசுக் குடியிருப்பில் நட்புக்கு ஒரு கெடு உண்டு. மாற்றல் வரும், அல்லது ஓய்வு வரும். ஓய்வு பெற்றவர் குறித்த காலத்துக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு அவர் கணவர் ஓய்வு பெற்றார். இருவரும் பாட்டியாலாவுக்கு, மகனிடம் சென்றனர். மூட்டை கட்டிய நாளில் அவர் எங்களிடம் தந்தது ஒரு ஜோடி 9-ஆம் எண் ஊசியும் பாதி பின்னிய ஸ்வெட்டரின் முதுகுப் பகுதியும். "முடித்துவிடு" என்றார். கைகளை நாங்களே பின்னினோம். இடக்கை ஒரு விரல் நீளம்.

2016-ஆம் ஆண்டு டில்லியில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் பல மாடிகளாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எங்கள் கட்டடமும் பின்னர் அவ்வாறே போயிற்று. வீடுகள் பழுதுற்றிருந்தன, இடித்தது தவறென்று சொல்ல மாட்டோம். ஆயினும் மூடாவைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மாடி இறங்கி வருபவர் அரியர். லூதியானாவின் ஆயத்த ஸ்வெட்டர் நூல் வாங்கும் விலையிலேயே கிடைப்பதால் பின்னுபவரும் குறைந்துவிட்டனர். இப்போது எங்கள் பால்கனியில் பகல் பதினொன்று முதல் ஒன்றரை வரை வெயில் விழுகிறது. மாவுப் பானைக்கு அது போதும். இன்னும் இரண்டு பேர் உட்காரவும் இடம் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் லோஹ்ரி இரவில் பாட்டியாலாவிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. நலம் விசாரிப்பதற்கு முன் ஆன்ட்டிஜி கேட்பது, "மாவு பொங்கிற்றா?"