ஒரு கணினியுட் பல கணினிகள்

சேவையகக் கணினி ஒன்றை ஒரே தொழிலுக்கென ஒதுக்கின், அதன் ஆற்றலிற் பெரும்பகுதி பயனின்றிக் கிடக்கும். பல தொழில்களை ஒருங்கே சுமத்தினாலோ, ஒன்றிற் கண்ட பழுது மற்றையவற்றையும் வீழ்த்தும். இவ்விரு குறைகளையும் நீக்க எழுந்ததே மெய்நிகராக்கம். ஒரே இயந்திரத்துள், ஒன்றையொன்று அறியாத பல கணினிகள் தனித்தனி இயங்குமாறு செய்தல் என்பது இதன் பொருள்.

இம்முறை புதியதன்று. ஐ.பி.எம். தாபனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதனைக் கையாண்டு, 1972இல் வி.எம்./370 என்னும் மென்பொருளை வெளியிட்டது. பணிசெயல் முறைமையின் உட்கருவை அக்காலத்தார் 'சுப்பர்வைசர்' என்றும் வழங்கினர். அதனையும் மேற்பார்வை செய்யும் மென்பொருளுக்கு 'ஹைப்பர்வைசர்' என்னும் பெயர் வாய்த்தது, பொருத்தமான பெயரே.

எக்ஸ்86 என்னும் செயலிக் குடும்பத்தில் இதற்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. உரிமையற்ற நிரலொன்று உரிமைக் கட்டளையை இடுமாயின், செயலி அதனைத் தடுத்து ஹைப்பர்வைசரிடம் முறையிடல் வேண்டும். இச்செயலிகளிலோ சில கட்டளைகள் முறையீடின்றியே கழிந்துவிடும். காட்டாக, குறுக்கீடுகளை நிறுத்தும்பொருட்டு இடப்படும் 'பொப்எவ்' என்னும் கட்டளையைச் செயலி வாளா புறக்கணிக்கும். இட்டவனும் அறியான், காவலனும் அறியான்.

அத்தகைய கட்டளைகளை இயங்கும்போதே மாற்றியெழுதி வி.எம்.வெயர் தாபனத்தார் இதனை வென்றனர். இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தார் கண்ட வழி வேறு. 2003இல் அவர்கள் வெளியிட்ட 'ஸென்' என்னும் ஹைப்பர்வைசரின்கண், விருந்தாய் வரும் பணிசெயல் முறைமையே சிறிது திருத்தப்பட்டது; தான் இயங்குவது மெய்யான வன்பொருளின்மீது அன்று என்பதை அறிந்து, வேண்டியதை அது ஹைப்பர்வைசரிடம் நேரே கேட்டுப் பெற்றது. ஏமாற்றுதலினும் உண்மையைச் சொல்லிவிடுதல் விரைவாயிற்று எனலாம். ஆயின், மூலநிரல் கிடைக்கும் லினக்ஸ் போன்றவற்றையே எவரும் இங்ஙனம் திருத்தல் கூடும். 2005இலும் 2006இலும் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகியோர் தத்தம் செயலிகளிலேயே மெய்நிகராக்கத் துணையைச் சேர்த்தபின், திருத்தப்படாத விண்டோசும் ஸென்மீது இயங்கலாயிற்று.

ஸென்னின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இவ்வுரிமையின் பெறுமதி பிற்காலத்திலேதான் நன்கு விளங்கியது. ஸென்னை ஆக்கியோர் நிறுவிய ஸென்சோர்ஸ் தாபனத்தை 2007இல் சிற்றிக்ஸ் வாங்கிற்று. ஸென்னை அடிப்படையாகக் கொண்ட 'ஸென்சேர்வர்' 2013இல் முற்றாகத் திறந்த மூலமாக்கப்பட்டது. எனினும், 2017இன் இறுதியில் வந்த பதிப்பில், அதுவரை இலவசமாயிருந்த வசதிகள் சில கட்டணப் பதிப்புக்கு மாற்றப்பட்டன. திறந்து கிடந்த அந்நிரலை எடுத்துப் பிரான்சு நாட்டு வேற்ஸ் தாபனத்தார் 2018இல் 'எக்ஸ்.சி.பி.-என்.ஜி.' என வெளியிட்டனர். பழைய பயனாளர், தம் மெய்நிகர்க் கணினிகளைக் கைவிடாமலே அதற்கு மாற இயன்றது.

2023இல் புறோட்கொம் தாபனம் வி.எம்.வெயரை வாங்கி, அவ்வாண்டு இறுதியிலேயே நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறையைப் புகுத்தியபோது, அதன் ஹைப்பர்வைசரை எடுத்துத் தாமே தொடர்ந்து நடத்தும் வழி பயனாளர்க்கு இருக்கவில்லை. அம்மூலம் மூடியிருந்தது.