கடைசிப் பணத்தில் ஒரு பழைய கார்!

திரும்பி வராத பயணம் போன குடும்பங்கள்

“என்ன விலை?”

“50 டாலர்.”

“டயர் தேய்ந்து போயிருக்கிறதே?”

“ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும்!”

பழைய கார் விற்கும் கடையில் இப்படித்தான் பேரம் தொடங்கும்.

வாங்க வந்தவர் ஒரு விவசாயி. பக்கத்தில் மனைவி. அவள் இடுப்பில் ஒரு குழந்தை. பின்னால் நாலைந்து பிள்ளைகள். வயதான தாய், தகப்பன்.

உல்லாசமாக ஊர் சுற்ற அவர்கள் கார் வாங்கவில்லை. அந்தக் காரில் ஏறிப் போனால் திரும்பி வரமாட்டார்கள். திரும்பி வர அவர்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. கையில் இருப்பது கடைசிப் பணம். அதைக் கொடுத்து வாங்கும் கார் நடுவழியில் நின்றுவிட்டால்...?

அமெரிக்காவில், 1930 முதல் 1940 வரை, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முன்னால் நின்ற கேள்வி இது.

ஊரை விட்டது ஏன்?

ஓக்லகோமா, டெக்சாஸ், ஆர்க்கன்சா, மிசௌரி ஆகிய மாநிலங்களில் ஏராளமான விவசாயிகள் இருந்தார்கள். அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. குத்தகைக்கும், வாரத்துக்கும் எடுத்துப் பருத்தி பயிரிட்டார்கள்.

1929-ல் ஒரு பவுண்டு பருத்திக்கு 16 சென்ட்டுக்கு மேல் விலை கிடைத்தது. 1931-ல் அது 6 சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. (100 சென்ட் சேர்ந்தது ஒரு டாலர்.) விதைத்த செலவுகூடத் திரும்பவில்லை.

அடுத்து மழை பொய்த்தது. காய்ந்த மேல்மண் காற்றில் பறந்தது. 1935-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி வீசிய தூசிப் புயலில் பகல் இருட்டாகிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளைக் “கறுப்பு ஞாயிறு” என்றே மக்கள் அழைத்தார்கள்.

எல்லோரையும் விரட்டியது புயல்தான் என்று நினைக்கக்கூடாது. வெளியேறியவர்களில் பெரும்பாலோர் தூசிப் புயல் வட்டாரத்துக்கு வெளியே, பருத்திக் காட்டில் உழைத்தவர்கள். பருத்தி விலையை ஏற்றுவதற்காக, சாகுபடியைக் குறைக்கும்படி 1933-ல் சர்க்கார் பணம் கொடுத்தது. அதில் பெரும்பகுதி நிலச்சொந்தக்காரர் கைக்குப் போயிற்று. நிலத்தைத் தரிசாகப் போட்டவர், உழுதவனை அனுப்பிவிட்டார். சிலர் அந்தப் பணத்தில் டிராக்டர் வாங்கினார்கள். பல குடும்பங்கள் செய்த வேலையை ஒரே டிராக்டர் செய்தது.

“மேற்கே கலிபோர்னியாவில் பழத்தோட்டம் இருக்கிறது, வேலைக்கு ஆள் வேண்டுமாம்” என்ற பேச்சு எங்கும் பரவியது. பத்து ஆண்டுகளில் இந்த நான்கு மாநிலங்களிலிருந்தும் சுமார் 3 லட்சம் பேர் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் போனது காரில்தான்!

ஏழைக்குக் கார் எப்படி?

சாப்பாட்டுக்கு வழி இல்லாதவர் கார் வாங்கினாரா? ஆம், வாங்கினார். அதற்குக் காரணம் போர்டு கம்பெனியின் “மாடல்-டி” கார்.

1908-ல் இந்தக் கார் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 850 டாலர். பிறகு ஏராளமாகச் செய்யச் செய்ய விலை குறைந்தது. 1925-ல் புதுக் காரே 300 டாலருக்குக் குறைவாகக் கிடைத்தது. 1927-ல் தயாரிப்பை நிறுத்துவதற்குள் ஒன்றரைக் கோடிக் கார்கள் வெளிவந்துவிட்டன.

எனவே பழைய கார்கள் எங்கும் குவிந்து கிடந்தன. 50 டாலருக்கும், அதற்குக் குறைவாகவும்கூட ஒன்று கிடைத்தது.

எட்டுப் பேருக்கு ரெயில் டிக்கெட் எடுத்தால் பணம் தீர்ந்துவிடும். சட்டி, பானை, மெத்தையையும் ஏற்ற முடியாது. கார் இருந்தால் குடும்பமும் போகலாம், சாமானும் போகலாம். போன இடத்தில் வேலை தேடி அலையவும் அது உதவும்.

மரத்தூள் வித்தை

ஏழையின் அவசரம் வியாபாரிக்குத் தெரியும். சில கடைக்காரர்கள் செய்த மோசடிகள் பல.

தேய்ந்துபோன கியர் கரகரவென்று சத்தம் போடும். கியர் பெட்டிக்குள் மரத்தூளைப் போட்டுவிட்டால் சத்தம் அடங்கிவிடும். சில மைல் தூரம் கார் வெண்ணெய் போல் ஓடும். அதன் பிறகு பழைய கதைதான். அதற்குள் பணம் கைமாறி இருக்கும். குடும்பம் ஊர் எல்லையைத் தாண்டி இருக்கும்.

என்ஜினில் கெட்டியான எண்ணெயை ஊற்றித் தட்டும் சத்தத்தை மறைப்பார்கள். நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செத்த பேட்டரியை மாட்டுவார்கள். துருப்பிடித்த இடத்தில் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள்.

விவரம் தெரிந்தவர் பெயிண்டைப் பார்க்கமாட்டார். முதலில் டயரைப் பார்ப்பார். பிறகு குனிந்து காரின் அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்ப்பார். என்ஜினை ஓடவிட்டுப் புகையைக் கவனிப்பார். புகை நீல நிறமாக வந்தால், என்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது என்று அர்த்தம். காரை ஒரு மேட்டில் ஏற்றிப் பார்ப்பார். ஏறும்போது உள்ளே “டக், டக்” என்று தட்டினால், பேரிங் தேய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்.

இன்னொன்றையும் பார்ப்பார். அந்தக் காருக்கு வழியில் உதிரி சாமான் கிடைக்குமா? மாடல்-டிக்கு ஊருக்கு ஊர் பழைய இரும்புக் கடையில் சாமான் கிடைத்தது. அபூர்வமான கார் சொகுசாக இருக்கலாம். நடுவழியில் உடைந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பெட்ரோலுக்கு எவ்வளவு?

ஓக்லகோமா நகரிலிருந்து கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டு 1,330 மைல். அதாவது 2,100 கிலோ மீட்டருக்கு மேல். அப்போது ஒரு காலன் பெட்ரோல் சுமார் 19 சென்ட். பாரம் ஏற்றிய பழைய கார் காலனுக்கு 15 மைல் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 89 காலன் வேண்டும். செலவு ஏறக்குறைய 17 டாலர்.

இந்தத் தொகை சிறிதா, பெரிதா?

இந்த மக்களின் கதையை ஜான் ஸ்டீன்பெக் என்ற எழுத்தாளர் “தி கிரேப்ஸ் ஆப் ராத்” என்ற நாவலாக எழுதினார். 1939-ல் வெளிவந்த அந்த நாவலில், ஒரு குடும்பம் குதிரை, வண்டி, ஏர், சாமான் எல்லாவற்றையும் விற்கிறது. மொத்தமாகக் கிடைத்த பணம் 18 டாலர்! அது பெட்ரோலுக்குத்தான் சரி. டயர் வெடித்தால்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்? வழியில் சாப்பாடு?

கார் வாங்கும்போது கொடுப்பது ஒரு விலை. ஊர் போய்ச் சேருவதற்குள் கொடுப்பது வேறு விலை. இதை யோசிக்காதவர்கள் நடுவழியில் நின்றார்கள். யோசித்தவர்களிலும் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

66-ம் நம்பர் ரோடு

சிக்காகோவையும் லாஸ் ஏஞ்சல்சையும் இணைத்த நெடுஞ்சாலைக்கு 66 என்று பெயர். 1926-ல் அந்த நம்பர் கொடுக்கப்பட்டது. 1938-ல்தான் ரோடு முழுவதும் கெட்டிப்படுத்தி முடிந்தது. அதற்கு முன் போனவர்கள் பல இடங்களில் சரளைக் கல்லிலும் மண்ணிலும் ஓட்டினார்கள்.

காரின் கூரையில் மெத்தை. பக்கத்தில் வாளி, சட்டி, நாற்காலி. முன்னால் கித்தான் துணியால் செய்த தண்ணீர்ப் பை தொங்கும். மண் பானையில் தண்ணீர் குளிர்வது போல அந்தப் பையில் தண்ணீர் குளிரும். குடிக்கவும் அதுதான், கொதிக்கும் ரேடியேட்டருக்கு ஊற்றவும் அதுதான்.

டயர் கிழிந்தால், இன்னொரு பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து ஓட்டினார்கள். பேரிங் எரிந்து போனால், தோல் பெல்ட்டை வெட்டி அந்த இடத்தில் வைத்து, அடுத்த ஊர் வரை மெல்ல ஓட்டிப் போனவர்களும் உண்டு.

அரிசோனா மாநிலத்தில் ஓட்மன் என்ற ஊருக்கு அருகே ஒரு மலைப் பாதை இருக்கிறது. 3,500 அடி உயரம், ஊசி வளைவுகள். மாடல்-டி காரில் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்பு கிடையாது. சீட்டுக்கு அடியில் உள்ள டாங்கியிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து என்ஜினுக்குப் போக வேண்டும். டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருந்து, கார் செங்குத்தாக மேலே ஏறினால் பெட்ரோல் போகாது. கார் நின்றுவிடும்.

என்ன செய்தார்கள் தெரியுமா? காரைத் திருப்பி, ரிவர்சில் மலை ஏறினார்கள்! என்ஜின் கீழே, டாங்கி மேலே. பெட்ரோல் வழிந்தது. கார் ஏறியது.

மலையைத் தாண்டினால் கொலராடோ ஆறு. அதற்கு அப்பால் மொகாவி பாலைவனம். பகல் வெயிலில் ரேடியேட்டரும் தாங்காது, மனிதனும் தாங்கமாட்டான். எனவே பலர் ஆற்றங்கரையில் தங்கி, இரவு நேரத்தில் பாலைவனத்தைத் தாண்டினார்கள்.

எல்லையில் போலீஸ்

டயர் தாங்கியது. ரேடியேட்டர் தாங்கியது. ஆனால், கலிபோர்னியா எல்லையில் வேறு ஒரு தடை காத்திருந்தது.

1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ் தலைவர், 136 போலீசாரை மாநில எல்லைக்கு அனுப்பினார். கையில் பணம் இல்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்பும்படி உத்தரவு. சொந்த நாட்டுக்குள், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகத் தடை! எதிர்ப்புக் கிளம்பியது. அந்தக் காவல் வெகு நாள் நீடிக்கவில்லை.

ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. தெரிந்தே ஓர் ஏழையை வெளியிலிருந்து கலிபோர்னியாவுக்கு அழைத்து வருவது குற்றம்!

மேரிஸ்வில் என்ற ஊரில் இருந்த ஒருவர், தன் மைத்துனரை அழைத்து வருவதற்காக டெக்சாசுக்குக் காரில் போனார். 1940 ஜனவரியில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மைத்துனர் புறப்படும்போது கையில் சுமார் 20 டாலர் இருந்தது. வந்து சேர்ந்தபோது ஒன்றும் இல்லை.

அழைத்து வந்தவருக்கு ஆறு மாத ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டு, நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் விடவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

1941 நவம்பர் 24-ந் தேதி தீர்ப்பு. “அந்தச் சட்டம் செல்லாது” என்று எல்லா நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினார்கள். ஏழை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனை எல்லையில் தடுக்க முடியாது என்பது அன்று முடிவாயிற்று.

அறுந்த செயின்

போய்ச் சேர்ந்த பிறகும் காரை விற்க முடியவில்லை. ஓர் ஊரில் பருத்தி, இன்னோர் ஊரில் பட்டாணி, வேறோர் ஊரில் பீச் பழம். அறுவடையைத் தேடிக் குடும்பம் ஓடிக்கொண்டே இருந்தது. கார்தான் வீடு, கார்தான் வேலை.

1936 மார்ச் மாதம். கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற இடம். பனியிலும் மழையிலும் பட்டாணிப் பயிர் அழிந்து, கூலிக்கு வந்தவர்கள் முகாமில் பட்டினி கிடந்தார்கள். அந்த வழியாக ஒரு குடும்பம் ஹட்சன் காரில் வந்தது. இவர்கள் ஓக்லகோமாவிலிருந்து முன்பே வந்து, பல ஆண்டுகளாகக் கலிபோர்னியாவில் கூலி வேலை செய்தவர்கள். காரின் டைமிங் செயின் அறுந்து, முகாம் அருகே கார் நின்றுவிட்டது.

ஆண்கள் காரைச் சரி செய்ய சாமான் வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள். 32 வயதுத் தாய் குழந்தைகளுடன் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்போது வந்த டொரதியா லாங்கே என்ற பெண் புகைப்படக்காரர் அவளைப் படம் எடுத்தார். கன்னத்தில் கை வைத்தபடி, தோளில் சாய்ந்த குழந்தைகளுடன் அவள் இருக்கும் அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது.

சாப்பாட்டுக்காகக் கார் டயரைக்கூட விற்றுவிட்டாள் என்று லாங்கே குறித்து வைத்தார். அந்தக் குடும்பத்தார் பிற்காலத்தில் அதை மறுத்தார்கள். டயரை விற்கவே இல்லை. அந்த டயரில்தான் புறப்பட்டுப் போனோம் என்றார்கள்.

படத்தைப் பார்த்த சர்க்கார், முகாமுக்கு 20 ஆயிரம் பவுண்டு உணவுப் பொருள் அனுப்பியது. ஆனால் உணவு வந்தபோது அந்தத் தாய் அங்கே இல்லை.

செயினை மாட்டிவிட்டார்கள். கார் கிளம்பிவிட்டது. அடுத்த அறுவடையைத் தேடிக் குடும்பம் போய்விட்டது!