பொட்டலமும் மேசையும்



ஓட்டல்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். நிலம், கூலி, ஆணவக் கொலை என்று பேச எவ்வளவோ கிடக்கும்போது நினைவுச் சொற்பொழிவில் இட்லி சாம்பாரா என்ற தயக்கம். நியாயமானதுதான். ஆனால் திருச்சியில் இன்று நினைவு என்ற பெயரில் அதிகம் எழுதப்படுவதும் பேசப்படுவதும் பழைய ஓட்டல்களைப் பற்றித்தான். திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸின் நெய் ரோஸ்ட், மெயின்கார்டு கேட் பக்கத்து மைக்கேல் ஐஸ்கிரீம், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் பித்தளை டபராவில் நுரையோடு வந்த டிகிரி காபி, தெப்பக்குளத்தைச் சுற்றியிருந்த மெஸ்கள். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போனது, பளிங்கு மேசை, பெயர் சொல்லிக் கூப்பிட்ட சப்ளையர் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். அந்தக் கடைகளின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. நெய் ரோஸ்ட் எனக்கும் பிடிக்கும். என் கேள்வி அந்த நினைவுகளில் எல்லோருக்கும் பொதுவாக வருகிற 'நாம்' என்ற சொல்லைப் பற்றியது.

பழையதை எண்ணி ஏங்குவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல் ஒரு நோயின் பெயராகப் பிறந்தது. 1688 இல் யோகானஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைவிட்டு வந்தவர்களைப் பீடித்த ஏக்கத்துக்கு வைத்த பெயர் அது. வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். ஏக்கம் வர வேண்டுமானால் திரும்பிப் போக ஒரு வீடு இருக்க வேண்டும். பழைய ஓட்டல் என்ற வீட்டுக்குள் நம்மில் யார் இருந்தோம்?

ஓட்டல் நம் ஊருக்குப் புதிய நிறுவனம் என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். பயணிக்குச் சோறு சத்திரத்தில் கிடைத்தது. சத்திரம் சாதி பார்த்தது. காசு கொடுத்தால் முகம் தெரியாதவருக்கும் சோறு என்பது ரயில், நீதிமன்றம், கல்லூரி ஆகியவற்றோடு வந்த வழக்கம். திருச்சிக்கு இவை மூன்றும் வந்தன. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இங்கே இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து புனித வளனார் கல்லூரி 1883 இல் இங்கே வந்தது. குமாஸ்தாக்கள், வழக்குக்கு வந்தவர்கள், விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்கள் எல்லோருக்கும் வேளாவேளைக்குச் சோறு வேண்டும்.

யார் சமைப்பது? சாதி அடுக்கில் மேலே இருப்பவர் சமைத்ததைக் கீழே இருப்பவர் உண்ணலாம். கீழே இருப்பவர் சமைத்ததை மேலே இருப்பவர் தொடமாட்டார். ஆகவே பார்ப்பனர் கையால் சமைத்தால் அதிக வாடிக்கையாளர் கிடைப்பார்கள். 'ஐயர் ஓட்டல்' பெருகியதற்குக் கைப்பக்குவம் ஒரு காரணம் என்றால், இந்த வணிகக் கணக்கு இன்னொரு காரணம். கைப்பக்குவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கணக்கைப் பற்றி எழுதுவதில்லை. சமையல் தீர்ந்ததும் அடுத்த சிக்கல் உட்காருவது. யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்து வாயைத் திறந்து மெல்வது? அதற்குத்தான் தடுப்பும் பலகையும் வந்தன. காபியும் டீயும் தமிழ்ச் சமூகத்தில் எப்படிச் சாதியோடும் வர்க்கத்தோடும் ஒட்டிக்கொண்டன என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் விரித்து எழுதியிருக்கிறார். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இந்தப் பலகையின் கதையில் நம் ஊருக்கு நேரடிப் பங்கு உண்டு. தென்னிந்திய ரயில்வே தன் நிலைய உணவுச் சாலைகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்று இடம் பிரித்து வைத்திருந்தது. ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள் நிலையத்தில் இறங்கியதும் இரண்டு சாதியாகப் பிரிந்து சாப்பிட்டார்கள். பெரியாரின் இயக்கம் தொடர்ந்து எதிர்த்தது. 1941 இல் அந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. ஊருக்குள் இருந்த தனியார் ஓட்டல்களில் பலகை தொடர்ந்தது. 1957 இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பு திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். கடைசியில் 'பிராமணாள்' என்ற சொல் அங்கிருந்து போனது.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். 2012 இல் ஸ்ரீரங்கத்தில் ஓர் உணவகம் பெயர்ப்பலகையில் 'பிராமணாள் கபே' என்று போட்டது. திராவிடர் கழகம் எதிர்த்தது, ஊர் இரண்டுபட்டது. அப்போது வைக்கப்பட்ட வாதத்தைக் கவனிக்க வேண்டும். 'யாரையும் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லவில்லையே, எல்லோருக்கும்தானே பரிமாறுகிறார்கள், அந்தச் சொல் சாதியைக் குறிக்கவில்லை, சுவையைக் குறிக்கிறது' என்றார்கள். படித்தவர்களும் சொன்னார்கள். ஆனால் ரயில் நிலையத்தில் அந்தச் சொல் குறித்தது சாம்பாரின் பக்குவத்தை அல்ல, மணை யாருக்கு என்பதை. பெருங்காயம் கூடுதலா குறைவா என்று சொல்ல யாரும் பலகை எழுதவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து அதே சொல் 'பாரம்பரியம்' என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. ஏக்கம் செய்கிற வேலைகளில் இது ஒன்று: சாதியை எடுத்துச் சுவையாக மாற்றிக் கொடுத்துவிடும்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதைதான். தெரியாத பாதி இனிமேல்தான் வருகிறது. 'பிராமணாள்', 'இதராள்' என்ற இரண்டு சொல்லில் நாம் எங்கே இருந்தோம்? இதராள் என்றால் மற்றவர்கள். அந்த மற்றவர்களுக்குள்ளும் சேரி அடங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். பலகை எடுக்கப்பட்டது நமக்கும் வெற்றிதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கிராமத்து டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர் வைத்தவர் ஐயர் அல்லர். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றியவர், பெஞ்சில் உட்காராதே என்றவர், குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகச் சொன்னவர் எல்லாம் ஊரின் ஆதிக்கச் சாதிகளைச் சேர்ந்தவர்கள். அங்கே பலகை கிடையாது. தார் பூசி அழிக்கக்கூடிய எழுத்து எதுவும் இல்லாத இடத்தில் போராட்டத்தை எங்கே தொடங்குவது?

அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 15(2) ஆம் பிரிவு கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒரு நாட்டின் அடிப்படை உரிமைகளில் 'ஓட்டல்' என்ற சொல் இடம்பெற வேண்டியிருந்ததை நின்று யோசித்துப் பாருங்கள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்ற சொல்லில் சலவைக் கடையும் முடிதிருத்தும் கடையும் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. கேட்டு வருகிறவருக்குச் சேவை தரத் தயாராக இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். 1955 ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பாத்திரத்தையே பிடித்தது. ஓட்டலுக்குள் நுழைவதைத் தடுப்பது மட்டுமல்ல, அங்கே பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் அதன் 4 ஆவது பிரிவில் குற்றம். 1976 இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய பிறகும் அந்தப் பிரிவு இருக்கிறது. இன்று பல டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இல்லை. பேப்பர் கப் வந்துவிட்டது. சுகாதாரம் என்கிறார்கள். யாருக்குக் கண்ணாடி டம்ளர், யாருக்குக் கேட்காமலே பேப்பர் கப் என்று கால் மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும்.

சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே போய் உட்கார அது மட்டும் போதாது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய என் தாத்தாவுக்குப் பெரிய ஓட்டலில் காபி குடிக்கக் காசில்லாமல் இல்லை. சட்டையில்லாத தோளோடும், துண்டோடும், வெங்காயத் தூசியோடும் அந்த மேசையில் போய் உட்கார முடியவில்லை. யாரும் எழுந்து போ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சப்ளையர் பார்க்கிற பார்வை போதும். ஆகவே எங்கள் வீட்டில் ஓட்டல் என்றால் பொட்டலம். வாழையிலையில் வைத்து, செய்தித்தாளில் சுற்றி, நூலால் கட்டியது. சட்னியும் சாம்பாரும் கலந்து, தோசை ஊறிப்போய் வந்து சேரும். அம்மாவுக்கு ஓட்டல் தோசை மொறுமொறுவென்று இருக்கும் என்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்ததாம். பொட்டலம் என்றதும் இங்கே பலருக்குப் பாமாவின் 'கருக்கு' நினைவுக்கு வரும். 1992 இல் வந்த அந்த நூலில், ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிப்போகிற காட்சி இருக்கிறது. வேடிக்கையாகத் தெரிந்ததன் பொருளை அண்ணன் சொல்லித்தான் அந்தச் சிறுமி அறிகிறாள்.

ஓட்டலுக்கு முன்வாசல் போலப் பின்வாசலும் உண்டு. அங்கே நாம் எப்போதும் இருந்தோம். விறகு பிளந்தவர்கள், தண்ணீர்த் தொட்டி கழுவியவர்கள், சாக்கடை அடைப்பு எடுத்தவர்கள், எச்சில் இலைக் கூடையைச் சுமந்து கொட்டியவர்கள். சரக்கு மாஸ்டரையும் கல்லாவில் உட்கார்ந்த முதலாளியையும் நினைவில் வைத்திருப்பவர்கள் இவர்களில் ஒருவரையாவது குறிப்பிடுகிறார்களா என்று தேடிப் பார்த்தேன். சப்ளையர்வரை வருகிறார்கள். அதற்கு மேல் சமையலறைச் சுவர் மறைத்துவிடுகிறது.

இலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக் கரை முழுக்க வாழை. அந்தத் தோட்டங்களில் வரப்பு வெட்டி, கட்டை நட்டு, இலை அறுத்துக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்தவர்களில் நம் மக்கள் ஏராளம். அவர்கள் கைபட்ட இலையைத்தான் ஸ்ரீரங்கத்திலும் விரித்தார்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் தீட்டுப் போய்விட்டது. அறுத்த கை மட்டும் அந்த இலையில் சாப்பிட உட்கார முடியாது. தீட்டு என்பது எவ்வளவு வசதியான கோட்பாடு என்று விளக்க, வகுப்பில் பாடநூலைவிட இது எனக்கு உதவியிருக்கிறது.

அப்படியானால் நமக்கு நினைத்து ஏங்க ஓட்டல் எதுவும் இல்லையா? இருக்கிறது, அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. தெருமுனையில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்து இட்லி சுட்ட ஆயாவின் கடை. மாலையில் மட்டும் வரும் பீஃப் வறுவல் தள்ளுவண்டி. நின்றுகொண்டே சாப்பிடும் 'கையேந்தி பவன்'. அந்தக் கிண்டல் பெயரை வைத்தவர் யாரோ, சாதி மேசைக்கு அதைவிடப் பதில் கிடையாது. மேசை இல்லாத இடத்தில் யார் பக்கத்தில் யார் என்ற கேள்வி பாதி செத்துவிடுகிறது. பொன்மலை ரயில்வே பணிமனை போன்ற இடங்களின் கேண்டீன்களையும் இதில் சேர்ப்பேன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தந்தது 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். ஒரே டோக்கன், ஒரே வரிசை, ஒரே தட்டு. அங்கே சாதி இல்லாமல் போனது என்று சொல்லமாட்டேன். ஆனால் உட்கார்ந்து சாப்பிட யாரிடமும் கண்ணால் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2013 இல் திருச்சிக்கு வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியை நின்று தின்றவர்களுக்கும் இதே உணர்வு இருந்திருக்கும். அதை நினைத்து ஏங்கி யாராவது எழுதுவார்களா, முப்பது ஆண்டு கழித்துப் பார்க்கலாம்.

உண்பதில் முடிந்ததாக நினைத்தது சமைப்பதில் திரும்பி வருகிறது. 2018 இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று தடுத்தார்கள். 2023 இல் நமக்குப் பக்கத்துக் கரூர் மாவட்டத்தில் காலை உணவுத் திட்டத்தில் அதே சிக்கல். 'பிராமணாள் கபே' என்று போட்டால் சுவை என்கிறார்கள். நம் சாதிப் பெயரைப் போட்டு ஒரு கபே திறந்தால் அதையும் சுவை என்பார்களா?

அமெரிக்காவில் 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஊல்வொர்த் கடையின் உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். மேடையின் ஒரு பகுதி வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. அந்தக் கடையிலும் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பிடித்த பண்டங்கள் இருந்திருக்கும். அந்த நாடு காப்பாற்றி வைத்திருப்பது நாற்காலிகளை. திருச்சி ரயில் நிலையத்தில் இரண்டு சாப்பாட்டு அறைகள் இருந்த காலத்தைச் சொல்ல ஒரு கல் இருக்கிறதா?

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். 1950களை நேரில் கண்டவர்களுக்கு இன்று எண்பதுக்கு மேல். காந்தி மார்க்கெட், பாலக்கரை, ஸ்ரீரங்கத்துக்கு வெளியே உள்ள குடியிருப்புகள், லால்குடி வாழைத் தோட்டங்கள் என்று போய்க் கேளுங்கள். என்ன பிடித்தது என்று கேட்டால் நெய் ரோஸ்ட் என்றுதான் வரும். எந்த வாசல் வழியாகப் போனீர்கள், டம்ளர் எங்கே கவிழ்ந்திருந்தது, கழுவியது யார், முதல்முதலாக உள்ளே உட்கார்ந்த நாள் எது, அன்று என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நான் பேசிய பெரியவர்களில் பலர் அந்தச் சட்டையின் நிறத்தைக்கூடச் சொன்னார்கள். என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துவிட்டது.