உங்களுக்குத் தெரியுமா? குஞ்சின் முதுகிலேயே விடை இருக்கிறது!

பொரித்த அன்றே குஞ்சு சேவலா, பெட்டையா என்று சொல்வது பெரும்பாலான கோழி இனங்களில் கைதேர்ந்தவர்களுக்கே சிரமம். இங்கிலாந்தின் கிரீம் லெக்பார் இனத்திலோ சிறுபிள்ளைகூடச் சொல்லிவிடும்! முதுகில் அணிலைப்போல அடர்பழுப்புக் கோடுகள் பளிச்சென்று ஓடி, கண்ணோரம் மை தீட்டியதுபோல ஒரு கீற்றும் இருந்தால் பெட்டை. கோடுகள் மங்கிக் கலைந்து, உச்சந்தலையில் வெளிறிய புள்ளி தெரிந்தால் சேவல்.

இறகில் வரி போடும் மரபணுதான் காரணம். கருநிறத்தைக் குறைக்கும் அது ‘இசட்’ குரோமோசோமில் இருக்கிறது. மனிதர்களுக்கு நேர்மாறாக, கோழிகளில் சேவலுக்குத்தான் ஒரே மாதிரியான இரண்டு குரோமோசோம்கள், அதாவது இரண்டு ‘இசட்’. பெட்டைக்கு ஒன்றே ஒன்று. இரட்டைப் பங்கு கிடைப்பதால் சேவல் குஞ்சு வெளிறிப்போகிறது.

1930களில் லெக்பாரை உருவாக்கியவர்கள் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ரெஜினால்ட் புன்னட்டும் மைக்கேல் பீஸும். ஆம், பள்ளியில் நாம் போட்ட ‘புன்னட் கட்டம்’ அவர் பெயரில் வந்ததுதான். வரி மரபணுவை அமெரிக்காவின் பிளைமவுத் ராக் கோழியிலிருந்து எடுத்தார்கள். இரண்டு இனங்களைக் கலந்து பெறும் குஞ்சுகளில் இத்தகைய நிற அடையாளம் முதல் தலைமுறையோடு நின்றுவிடும். லெக்பாரில் அது தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. இந்த இனத்தின் அருமையே அதில்தான். கிரீம் லெக்பார் இடும் முட்டையின் நீல நிறமோ, தென் அமெரிக்க அரௌகானா கோழி கொடுத்த சீர்!