வழுக்கும் தரையும் ஒட்டும் தரையும்

சென்ற ஐப்பசி மாதம், மதிய உணவு முடிந்து மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது, எங்கள் பள்ளி வராண்டாவில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வழுக்கி விழுந்தாள். கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வராண்டாவில் பழைய சிமெண்ட் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதிக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசியவர்களில் நானும் ஒருத்தி. மூன்று மாதிரிகள் வந்தன. "இதுதான் பளிச்சென்று இருக்கிறது" என்று விரல் நீட்டிக் காட்டியவள் நானேதான். அறிவியல் ஆசிரியை சொன்னால் சரியாக இருக்கும் என்று மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' பாடத்தில் உராய்வைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சொரசொரப்பான பரப்பில் உராய்வு அதிகம், வழவழப்பான பரப்பில் குறைவு, எண்ணெயும் பவுடரும் உராய்வைக் குறைக்கும். இதைச் சொல்லி, கரும்பலகையில் இரண்டு படம் வரைந்து முடித்துவிடுவேன். இது தவறில்லை, ஆனால் போதாது என்பது எனக்குப் புரிந்தது பள்ளியில் அல்ல, ஒரு பவுலிங் அரங்கில்.

என் தம்பி நகரில் ஒரு வணிக வளாகத்திலுள்ள பவுலிங் அரங்கில் பராமரிப்பு வேலை செய்கிறான். தரையைப் பற்றி நான் புலம்பியதைக் கேட்டு, "அக்கா, என் வேலையே வழுக்குற தரையோடதான். ஒரு நாள் காலையில வந்து பாரு" என்றான். நந்தனத்தில் மெட்ரோ ஏறி, அரங்கம் திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தேன்.

பவுலிங் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனமான பந்தை உருட்டி, தொலைவில் நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம் அது. பந்தின் எடை அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது ஏழே கால் கிலோ. பந்து ஓடும் தடத்துக்கு லேன் என்று பெயர். குறுக்கே ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டி ஆட்டக்காரர் கால் வைக்கக் கூடாது. கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆட்டக்காரர் நான்கைந்து அடி எடுத்து வைத்து வரும் 15 அடிக்குக் குறையாத பகுதிதான் அப்ரோச். வலது கையால் வீசுபவர் கடைசி அடியில் இடது காலைத் தரையோடு சறுக்கிக்கொண்டு வந்து, கோட்டுக்கு முன்னால் நின்று பந்தை விடுவார். சறுக்கும் காலின் ஷூவுக்கு அடியில் தோல் போன்ற வழவழப்பான பொருள்; உந்தித் தள்ளும் மற்றக் காலுக்கு ரப்பர். தொடர்ந்து ஆடுபவர்கள் அணியும் ஷூ இது. வாடகைக்குத் தரும் ஷூக்களில் பெரும்பாலும் இரண்டு அடியுமே சறுக்கும்.

லேனில் எண்ணெய் பூசுகிறார்கள். இயந்திரம் ஒன்று கோட்டிலிருந்து ஏறத்தாழ 40 அடி வரை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக எண்ணெயைப் பரப்பிவிட்டு வருகிறது. மிச்சம் உலர்ந்த பரப்பு. அப்ரோச்சில் ஒரு சொட்டு எண்ணெய் கூட இருக்கக் கூடாது. அதுதான் தம்பியின் தலைவலி. கோட்டைத் தாண்டி மிதித்துவிட்டுத் திரும்பும் வாடிக்கையாளரின் ஷூவில் எண்ணெய் வரும், உருண்டு போய்த் திரும்பும் பந்தில் வரும், எண்ணெய் பூசும் இயந்திரத்தைத் தூக்கி வைக்கும்போதும் சொட்டும்.

உலர்ந்த மாப்பால் அவன் அப்ரோச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். "தண்ணி விட்டு நல்லாத் துடைக்கலாமே" என்றேன். சிரித்தான். "தண்ணிதான் அக்கா எனக்கு எண்ணெயை விட பயம். எண்ணெய் பட்டா வழுக்கும், ஈரம் பட்டா ஒட்டும்."

ஈரம் பட்டால் ஒட்டுமா? ஈரத் தரை வழுக்கும் என்றுதான் நான் படித்ததும் நடத்தியதும். அவன் விளக்கினான். மழைநாளில் ஈரக்காலோடு வருகிறவர்கள், கழிவறைக்கு அந்த ஷூவோடேயே போய்விட்டு வருகிறவர்கள், குளிர்பானம் சிந்துகிறவர்கள் எல்லாராலும் சறுக்க வேண்டிய தோல் அடியில் லேசாக ஈரம் ஏறிவிடும். இரவில் ஏசியை அணைத்தால் சென்னையின் ஈரக்காற்றே தரையில் படிந்துவிடும். கடைசி அடியில் கால் சறுக்காமல் 'டக்'கென்று நின்றுவிடும். கையில் கனமான பந்தோடு உடம்பு மட்டும் முன்னே போகும். முழங்கால் பிசகும், அல்லது ஆளே கோட்டைத் தாண்டி எண்ணெய் மேல் விழுவார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒட்டும் ஆபத்து, ஒரு விரற்கடை தள்ளி அந்தப் பக்கம் வழுக்கும் ஆபத்து. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பந்தை எடுக்கும் முன் இடது காலைத் தரையில் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். பேருந்தில் சீட்டுக் கிழிக்கும் நடத்துநர் விரலை ஈரப்படுத்திக்கொள்வது நினைவுக்கு வந்தது. புத்தகத்தின் பக்கம் புரட்டவும் அதைத்தானே செய்கிறோம்? கொஞ்சம் ஈரம் தோலை இளக்குகிறது; இளகிய தோல் காகிதத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களோடு கூடுதலாகப் பொருந்துகிறது; பிடிப்பு கூடுகிறது. அதே விரலில் சோப்புத் தண்ணீர் நிறைய இருந்தால் காகிதம் நழுவும். ஈரம் என்ற ஒரே பொருள் அளவைப் பொறுத்து இரண்டு எதிர் வேலைகளைச் செய்கிறது. 'இந்தத் தரையின் உராய்வு எவ்வளவு?' என்று கேட்பதே அரைக் கேள்விதான். எந்தக் காலணி, எந்தத் தரை, இடையில் என்ன இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம் பாடநூல் சொல்லும் விதிகளுக்கு நெடிய வரலாறு உண்டு. உராய்வு விசை எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பின் அளவைச் சார்ந்திராது என்று பிரான்சின் அமான்டன்ஸ் 1699இல் அறிவித்தார். மின்னூட்ட விதிக்காக நாம் அறிந்த அதே கூலூம் 1780களில் இதை விரிவாக ஆராய்ந்தார். செங்கல்லைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் உராய்வு ஏறத்தாழ ஒன்றே என்றால் மாணவர்கள் நம்புவதில்லை, நியாயம்தான். இருபதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர் இதற்கு நல்ல விளக்கம் தந்தார்கள். இரண்டு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது நுண்ணிய மேடுகளின் உச்சிகளில் மட்டும். நாம் காணும் பரப்பில் அது மிகச் சிறு பங்கு. எடை கூடினால் உச்சிகள் நசுங்கி உண்மையான தொடுபரப்பு கூடும், உராய்வும் கூடும். ரப்பரில் மட்டும் இந்த எளிய விதி அப்படியே நிற்பதில்லை. நம் பிள்ளைகளின் செருப்பு ரப்பர் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த வாரம் பாடத்தை வேறு மாதிரி நடத்தினேன். வராண்டாவில் பதித்தது போக மீந்த டைல் ஒன்றை ஒரு பலகையில் ஒட்டினோம். அதன் மேல் செருப்பை வைத்து, உள்ளே ஒரு மணல் பொட்டலத்தை வைத்து, பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்தினோம். செருப்பு நழுவத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, முனையின் உயரத்தையும் அதற்கு நேர் கீழே வரை தரையில் உள்ள நீளத்தையும் அளந்தோம். உயரத்தை நீளத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் நிலை உராய்வுக் குணகம். உயரம் 30 செ.மீ., நீளம் 50 செ.மீ. என்றால் 0.6. டேன்ஜென்ட் தெரியாத எட்டாம் வகுப்புக்கும் இந்த வகுத்தல் எட்டும்.

முதல் வியப்பு, தேய்ந்த செருப்பு. அதுதான் முதலில் நழுவும் என்று எல்லாரும் பந்தயம் கட்டாத குறை. உலர்ந்த டைலில் அது புதுச் செருப்புக்குக் கொஞ்சமும் குறையவில்லை. அடியில் உள்ள வரிப் பள்ளங்கள் பிடிப்புக்காக இல்லை, தண்ணீர் விலகி ஓட வழிக்காக. தண்ணீரே இல்லாத இடத்தில் அவற்றுக்கு வேலையும் இல்லை. இரண்டாவது வியப்பு என்னுடையது. டைலில் தண்ணீர் தெளித்தும் நான் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் வரவில்லை. வகுப்பின் முன்னால் சற்று அசட்டுத்தனமாக நின்றேன். பிறகுதான் உறைத்தது. பலகையை மெதுவாக உயர்த்தும்போது செருப்பின் எடை தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றிவிடுகிறது. ஓடி வரும் குழந்தையின் குதிகால் தரையில் பதியும்போது தண்ணீருக்கு விலக நேரமில்லை. கால் தண்ணீர் மேலேயே போகிறது. சாய்தளச் சோதனை நடக்கும் காலுக்கு முழு விடை தராது என்பதை இதைச் செய்து பார்க்கும் ஆசிரியர்கள் மாணவர்களிடம் முன்பே சொல்லிவிடலாம்.

அப்போது கடைசி வரிசைப் பையன் ஒருவன், "மிஸ், அங்க வெறும் தண்ணி இல்ல மிஸ், தட்டு கழுவுன தண்ணி" என்றான். எட்டு ஆசிரியர்களும் தலைமை ஆசிரியரும் மழை, மழை என்று பேசிக்கொண்டிருந்தோம். சத்துணவுத் தட்டுக் கழுவிய குழாயடியிலிருந்து சாம்பார் எண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணீர் பிள்ளைகளின் கால்களில் ஒட்டி வராண்டாவுக்கு வருவதை அவன்தான் பார்த்திருக்கிறான். ஒரு குவளையில் எடுத்து வந்து டைலில் ஊற்றினோம். பலகையைச் சற்றே உயர்த்தியதும் செருப்பு ஓடியது. தேய்ந்த செருப்பு இன்னும் முன்னதாகவே ஓடியது. தம்பியின் அரங்கில் கோட்டைத் தாண்டியவரின் ஷூவில் எண்ணெய் திரும்பி வரும் கதைதான் இதுவும்.

"காரம் போர்டுக்குப் போடற மாதிரி பவுடர் போட்டு உலர்த்தலாமா மிஸ்?" என்று இன்னொருத்தி கேட்டாள். 2024இல் அமெரிக்காவில் நடந்த காரம் உலகக் கோப்பையில் நம் சென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்ற பிறகு, எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கும் காரம் உவமைதான். பவுடர் ஈரத்தை உறிஞ்சும், உண்மை. மிஞ்சியது காய்களுக்குச் செய்வதைக் கால்களுக்கும் செய்யும். பவுலிங்கில் அப்ரோச் மேல் பவுடர் தூவுவதற்கே விதிப்படி தடை உண்டு. ஒருவர் தன் வசதிக்குத் தூவினால் அடுத்து வருபவருக்குத் தரை மாறிவிடுகிறது என்பதே காரணம்.

மேல்நிலை வகுப்பு இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு கணக்கு. லேனில் விடப்பட்ட பந்து எண்ணெய் மேல் முதலில் சறுக்கிப் போகிறது, உலர்ந்த பகுதியில் பிடிப்புக் கிடைத்து உருளத் தொடங்குகிறது. சுழற்சியின்றி விடப்பட்ட சீரான திண்மக் கோளம் சறுக்கலை விட்டு முழுதாக உருளத் தொடங்கும்போது அதன் வேகம் தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்கு. உராய்வுக் குணகம் எதுவானாலும் இதே விடைதான். எண்ணெய் அந்த நிலை எப்போது வரும் என்பதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. உராய்வை வைத்துத் தொடங்கும் கணக்கில் கடைசியில் உராய்வே காணாமல் போவதைப் பார்க்க மாணவர்களுக்குப் பிடிக்கும்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தைப் புத்தகக் காட்சிக்காக நம்மில் பலர் அறிவோம். 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. கூடைப்பந்து ஆடுபவர்கள் ஆட்டத்தின் நடுவே ஷூவின் அடியைக் கையால் துடைத்துக்கொள்வதை எந்த மைதானத்திலும் பார்க்கலாம். அது ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தேன். தூசியும் ஒரு பவுடர்தானே.

பள்ளியில் நாங்கள் செய்தவை சின்ன வேலைகள். தட்டைக் கழுவும் முன் மிச்சத்தை ஒரு வாளியில் வழித்துப் போடுகிறோம். குழாயடிக்கும் வராண்டாவுக்கும் இடையில் துளையுள்ள ரப்பர் விரிப்பு போட்டாயிற்று. வராண்டாவுக்கு ஒன்று, குழாயடிக்கு ஒன்று என மாப்பையும் பிரித்துவிட்டோம். முன்பு ஒரே மாப்தான் எண்ணெயை இங்கிருந்து அங்கே பூசிக்கொண்டிருந்தது. மாவுக்கட்டு பிரித்து வந்த மாணவி, தன் செருப்பையே பலகையில் வைத்து ஒருமுறை சோதித்துப் பார்த்தாள். அன்று போட்டிருந்த ஜோடி அது.

வராண்டாவின் கீழ்க்கோடியில் சாரல் அடிக்கும் பகுதி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கே சொரசொரப்பான டைல் மாற்றித் தரக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மாதிரிகள் வரும்போது, இந்தப் பலகையையும் ஒரு குவளை தட்டுக் கழுவிய தண்ணீரையும் எடுத்துப் போவதாக இருக்கிறேன்.